ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் 2000 ரூபாய்க்குள் இன்-இயர்: வேலூர் வேர்வையைத் தாங்குவது எது?

காட்பாடி_இளவட்டம்:
வணக்கம். காலையில கோட்டை மைதானத்துல ஓட்டம், சாயங்காலம் ஜிம். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட், கடைசியா குதிச்சுக் குதிச்சுப் பண்ற பர்ப்பி. எல்லாத்துக்கும் ஒரே இயர்போன் வாங்கலாம்னு பாக்கறேன். பட்ஜெட் 2000 ரூபாய், ரொம்ப நல்லதா இருந்தா 2500. வேர்வை கொட்டும், ஜிம்முல ஏசி கெடையாது, ஃபேன்தான். காதுல அசையாம நிக்கணும், வேர்வையில சீக்கிரம் போயிடக் கூடாது, பேஸ் கொஞ்சம் கனமா இருக்கணும். போன் பேசறது, கேம் எல்லாம் தேவையில்ல.

கடையில கேட்டா எதை எடுத்தாலும் வாட்டர் ப்ரூஃப்னு சொல்றாங்க. கழுத்துல மாட்டற நெக்பேண்டா, ஒயரே இல்லாத பட்ஸா, ஒயர் வெச்சதா? காரணத்தோட சொல்லுங்க.

சத்துவாச்சாரி_லிஃப்டர்:
தம்பி, ஸ்குவாட் பண்றீங்கன்னா நெக்பேண்டை முதல்லயே தள்ளி வையுங்க.

ஸ்குவாட்ல பார் உக்கார்ற இடம் கழுத்துக்குக் கீழ, தோள்பட்டை தசை மேல. நெக்பேண்டும் அங்கதான் உக்காரும். ராக்குல இருந்து பாரை எடுக்கும்போது பட்டை பாருக்கும் தோலுக்கும் நடுவுல மாட்டிக்கும். அப்போ பார் தன் பள்ளத்துல சரியா படியாது, வேர்வை வேற இருக்கறதால வழுக்கும். பட்டையோட ரெண்டு முனையிலும் தடிச்சு ஒரு பகுதி இருக்கு இல்லையா, பேட்டரியும் போர்டும் அதுக்குள்ளதான். எடை அதும்மேல ஏறினா லித்தியம் செல் நசுங்கும், அதுல தீ ஆபத்தே இருக்கு. பெஞ்ச் பிரஸ்ல படுத்தா பட்டை பின்னால அழுந்தி ஒயரை இழுக்கும், காதுத் துளைக்குள்ள போற ரப்பர் டிப்பு கழண்டு வரும்.

ஒலிம்பிக் லிஃப்ட் பழகறவங்களுக்கு இதை இன்னும் கண்டிப்பா சொல்லுவேன். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த் போட்டியிலும் 77 கிலோ பிரிவுல தங்கம் வாங்கின சதீஷ் சிவலிங்கம் நம்ம சத்துவாச்சாரிக்காரர். அவரைப் பாத்து கிளீன் அண்ட் ஜெர்க் கத்துக்கணும்னு ஆசைப்படற பசங்க இங்க உண்டு. கிளீன்ல பார் காறை எலும்பு மேல, தொண்டையை ஒட்டி வந்து உக்காரும். நெக்பேண்ட் முனை தொங்கறதும் அதே இடத்துலதான். ஸ்நாட்ச்ல ஒயர் கையில சிக்கினா எடை தலைக்கு மேல இருக்கற நேரத்துல கவனம் அங்க போயிடும். புது எடை முயற்சி பண்ணும்போது காதுல எதுவுமே வேணாம். கோச் குரலும், பக்கத்துல தாங்கிப் பிடிக்க நிக்கறவர் குரலும் கேக்கணும்.

உங்களுக்கு ஏத்தது பட்ஸ். அதுலயும் காதுமடலுக்குள்ள ஊன்றிக்கிற ரப்பர் இறக்கையோ, காதுக்கு மேல சுத்தி வர்ற கொக்கியோ இருக்கற மாடலா பாருங்க. வெறும் டிப்பு மட்டும் இருக்கறது டெட்லிஃப்டுக்குத் தாங்கும், பர்ப்பிக்குத் தாங்காது.

சோல்டரிங்_ஆற்காடு:
லிஃப்டர் அண்ணன் பொருத்தத்தைச் சொல்லிட்டார், நான் வேர்வையைப் பத்திச் சொல்றேன். சர்வீஸ் மேஜைக்கு வர்ற பட்ஸ்ல பாதிக்கு மேல பாட்டு ஓட்டற பகுதி நல்லாவே இருக்கும். செத்துப் போயிருக்கறது சார்ஜ் ஏறும் பின்.

முதல்ல பெட்டியில இருக்கற ஐபி எண், தண்ணியையும் தூசியையும் எவ்வளவு தாங்கும்னு சொல்றது. அது ஐஇசி 60529ங்கற சர்வதேச தரத்துல இருந்து வருது. ஐபிஎக்ஸ் 4ன்னா எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும். ஐபிஎக்ஸ் 5ன்னா 6.3 மில்லிமீட்டர் முனையில இருந்து நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபிஎக்ஸ் 7ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் முங்கிக் கெடந்தாலும் தாங்கும். எக்ஸ் இருக்கற எடத்துல தூசிக்கான எண் வரணும், எக்ஸ் போட்டிருந்தா அந்தச் சோதனை பத்தி எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். ஐபி 55ன்னா தூசிக்கு 5, தண்ணிக்கு 5. இன்னொண்ணும் பலர் கவனிக்கறதில்ல: 7 வாங்கினது தானாவே 5ஐயும் பாஸ் பண்ணினதாகாது. முக்கறது வேற, பீய்ச்சறது வேற.

இந்தச் சோதனை எல்லாமே நல்ல தண்ணியில நடக்கறது. வேர்வையில உப்பு இருக்கு, தோல் எண்ணெய் இருக்கு. உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். வேர்வை ஈரத்தோட பட்ஸை சார்ஜ் ஏத்தற கேஸுல வெச்சு மூடின உடனே சார்ஜிங் பின்னுல மின்னழுத்தம் வரும். ரெண்டு பின்னுக்கும் நடுவுல உப்பு ஈரம், அதுல மின்சாரம் ஓடும்போது பின்னோட தங்கப் பூச்சு சின்னச் சின்னதா அரிச்சு, அடியில இருக்கற உலோகம் களிம்பு ஏறிடும். முதல்ல ஒரு பக்கம் மட்டும் 60, 70 சதவீதத்துல நிக்கும். அப்புறம் கேஸுல வெச்சாலும் போனோட இணைஞ்சே இருக்கும், ஏன்னா உள்ள வெச்சிருக்கோம்னு அதுக்குத் தெரியாது. அப்புறம் சுத்தமா சார்ஜ் ஏறாது. ஐபிஎக்ஸ் 7 வாங்கினாலும் இது நடக்கும், பின் வெளியிலதானே இருக்கு. பெரும்பாலான மாடல்ல கேஸுக்கு ஐபி எண்ணே கெடையாது.

அதனால ஒர்க் அவுட் முடிஞ்சதும் நேரா கேஸுல போடாதீங்க. பழைய பருத்தி பனியன் துணியால பட்ஸோட உடம்பையும் பின்னையும் ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். டிப்பைக் கழட்டி உதறுங்க. சத்தம் வர்ற முனையில இருக்கற வலை கீழ பாக்கற மாதிரி துணி மேல வெச்சு ஃபேன் காத்துல 15, 20 நிமிஷம் விட்டுட்டு அப்புறம் கேஸுக்குள்ள வையுங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் சின்ன துணிப் பையில கேஸும் பட்ஸும் தனித்தனியா இருக்கட்டும். வாரம் ஒரு தடவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மொபைல் ஸ்பேர் கடையில ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க, பஞ்சுக் குச்சி நுனியில ரெண்டு சொட்டு விட்டு பட்ஸ் பின்னையும் கேஸுக்குள்ள இருக்கற ஸ்பிரிங் பின்னையும் துடைங்க. குச்சி நனைஞ்சு சொட்டக் கூடாது, ஸ்பிரிங் ஓட்டை வழியா உள்ள எறங்கிடும். வலை மேல ஐபிஏ படக் கூடாது, பசை விட்டுடும்.

கேஸை ஷார்ட்ஸ் பாக்கெட்டுல வெச்சுட்டு ஸ்குவாட் பண்றது ரொம்பக் கெடுதல். துணி நனைஞ்சு ஈரம் மூடி இடுக்கு வழியா போகும்.

பாலாத்தங்கரை_ஓட்டம்:
ஓடறவங்க பக்கமா இருந்து நான் சொல்றேன்பா. பட்ஸ் கீழ வுழறதுக்கு முக்காவாசி காரணம் மாடல் இல்ல, டிப்பு அளவு. பெட்டியில சின்னது, நடுத்தரம், பெருசுன்னு 3 ஜோடி வரும். எல்லாரும் ஏற்கெனவே மாட்டியிருக்கற நடுத்தரத்தோட அப்படியே ஓடிக்கினு இருப்பாங்க. ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு இல்ல, எடதுக்குப் பெருசு, வலதுக்கு நடுத்தரம் வர்றது சகஜம்.

மாட்டற முறை இது. எதிர்க் கையை தலைக்கு மேலயோ பின்னாலயோ கொண்டாந்து காதுமடலைப் பின்னாலயும் மேலயும் இழு. அப்போ காதுத் துளை நேராகும். டிப்பை உள்ள வெச்சு லேசா பின்பக்கமா திருகு, மடலை விடு. இப்போ பேஸ் உள்ள பாட்டை வை. வாயைத் தொற, மூடு, மெல்லற மாதிரி பண்ணு. தாடை அசையும்போது பேஸ் போயி போயி வந்தா சீல் சரியில்ல, அதாவது டிப்பு துளையை முழுசா அடைக்கல, ஒரு அளவு பெருசா போடு. அப்புறம் நின்ன எடத்துல குதி, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டு. இதுல தாங்கினா ஓட்டத்துல தாங்கும். கடைங்கள்ல டெமோ பீஸ் இருந்தா வாங்கறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிப் பாக்கலாம்.

ஃபோம் டிப்பு வாங்காதே. ரூம்ல உக்காந்து கேக்க அது ரொம்ப நல்லா இருக்கும், வேர்வையில ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கினு நாறிடும், விரிஞ்சு பிய்ஞ்சும் போயிடும். சிலிகான்தான் நமக்கு. எண்ணெய் தேச்சு குளிச்ச அன்னிக்கு காதோரம் எண்ணெய் பிசுபிசுப்பு இருக்கும், சிலிகான் வழுக்கும், எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பரு ஊதிப் பெருசாகி லூசும் ஆகும். அன்னிக்கு காதை சோப்பு போட்டு நல்லா தொடைச்சிட்டு மாட்டு.

வெளிய தனியா டிப்பு வாங்கறியா, உயரம் பாத்துக்கோ. பட்ஸுக்கு வர்ற டிப்பு குட்டையா இருக்கும். ஒயர் இயர்போனுக்கான நீட்டு டிப்பை மாட்டினா கேஸு மூடாது, மூடினாலும் பட்ஸு தூக்கிக்கினு பின்னு பின்னோட ஒட்டாது, சார்ஜ் ஏறாது.

இன்னொண்ணு, ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் காதுக்குள்ள தொப்பு தொப்புன்னு சத்தம். இயர்போன் பழுது இல்ல அது. காலடி அதிர்வு எலும்பு வழியா காதுக்கு வருது, துளை அடைஞ்சு கெடக்கறதால வெளிய போவ முடியாம உள்ளயே பெருசா கேக்குது. ஜிம்முல தெரியாது, ஓட்டத்துல தெரியும். சிலருக்கு ஆகவே ஆகாது. அவங்க ஓட்டத்துக்கு மட்டும் டிப்பு இல்லாத பாதி-இயர் மாடல் போடணும், ஆனா அதுல பேஸ் எதிர்பாக்காதே, கொக்கி இல்லாட்டி நிக்கவும் நிக்காது.

நாய்ஸ் கேன்சலிங்குக்காக காசு அதிகம் போடாதே. டிரெட்மில் இரைச்சல், ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீரா ஓடற சத்தத்தைத்தான் அது நல்லா அமுக்கும். டம்பெல் போடற சத்தம் அதுல போவாது. ஓடும்போது காத்து மைக்குல அடிச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வரும், அணைச்சுத்தான் வெக்கணும். நல்ல சீல் இருந்தாலே பாதி இரைச்சல் போயிடும்.

காட்பாடி_இளவட்டம்:
ரொம்ப நன்றி. பின்னுல கரண்ட் ஓடறது யாருமே சொல்லாத விஷயம். ரெண்டு சந்தேகம். ஓடும்போது திறந்த மைதானத்துல பாட்டு விட்டு விட்டு வருதுன்னு சொல்றாங்களே, வெளிய இடைஞ்சலே இல்லாம நல்லாத்தானே வரணும்? அப்புறம், வேர்வைக் கையால தொட்டா பாட்டு தானா நின்னு போறதுக்கு வழி உண்டா?

சோல்டரிங்_ஆற்காடு:
ப்ளூடூத் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. அந்த அலையை உடம்புல இருக்கற தண்ணி நல்லாவே உறிஞ்சும். ரூமுக்குள்ள சுவரு, கூரையில பட்டுத் திரும்பி வர்ற அலை உடம்பைச் சுத்தி காதுக்கு வந்துடும். திறந்த மைதானத்துல திரும்பி வர சுவரே இல்ல. அதனால போனை பின் பாக்கெட்டுல வெச்சா உடம்பே நடுவுல மறைக்கும். கைப்பட்டையில, மேல் கையில கட்டுங்க. சில மாடல்ல ஒரு பக்கம்தான் போனோட பேசி அடுத்த பக்கத்துக்கு அனுப்பும். எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க, ஒண்ணை கேஸுல போட்டுட்டு அடுத்ததோட மட்டும் ஓடிப் பாருங்க. எந்தப் பக்கம் விட்டு வருதோ அதுக்கு எதிர்ப் பக்கம் போன் இருக்குன்னு அர்த்தம், மாத்திக் கட்டினா போதும். அப்படியும் விட்டுப்போனா, போன் ப்ளூடூத் அமைப்புல கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பற முறை, எல்டேக் மாதிரி கனமானதா இருந்தா அணைச்சு ஏஏசி இல்ல எஸ்பிசியில வையுங்க. ஓடும்போது வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

தொடு பகுதி விஷயம்: விரல் பட்டதும் வேர்வைத் துளி வழிஞ்சதும் அந்த சென்சாருக்கு ஒண்ணுதான். செயலி இருக்கற மாடல்னா ஒரு தட்டுக்கான வேலையை அணைச்சுட்டு, மூணு தட்டு இல்ல நீண்ட அழுத்தம் மட்டும் வையுங்க. அமுக்கற பட்டன் இருக்கற மாடல் கெடச்சா இன்னும் நல்லது. ஆனா பட்டனை அமுக்கும்போது பட்ஸ் காதுக்குள்ள குத்தும், பட்ஸைக் கட்டைவிரலால தாங்கிட்டு அமுக்கணும்.

ராணிப்பேட்டை_ஐஇஎம்:
எல்லோரும் ஒயரை மறந்துவிட்டீர்கள். ஒலித் தரம் மட்டும் கேட்டால் 2000 ரூபாய்க்கு ஒயர் வைத்த ஐஇஎம்முக்கு, அதாவது காதுத் துளைக்குள் பொருந்தி ஒயர் காதுக்கு மேலே சுற்றி வரும் இயர்போனுக்கு, நிகரில்லை. மூன்ட்ராப் சூ, கேஇசட் வகைகள் எல்லாம் அந்த விலைக்குள் கிடைக்கும், பட்ஸில் அதே ஒலிக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். பேட்டரி இல்லை, சார்ஜிங் பின் இல்லை, இரண்டு வருடத்தில் செல் தளர்ந்து போவதும் இல்லை.

காதில் நிற்பதைப் பொறுத்தவரை, ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் இறக்கினால் இழுப்பு காதுமடலில் போய் நின்றுவிடும், டிப்புக்கு வராது. ஒயர் துணியில் உரசும் கரகரப்பு எலும்பு வழியாகக் கேட்கும். இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடிக்கும் சிலைடரைத் தாடைக்குக் கீழே ஏற்றி, பனியன் கழுத்தில் ஒரு கிளிப் போட்டால் அதுவும் அடங்கும். ஒயரைப் பனியனுக்குள் விட்டுப் போனை இடுப்புப் பட்டையில் வைக்கலாம். பாரில் மாட்டாது.

போனில் 3.5 மி.மீ. துளை இல்லாவிட்டால் டைப்-சி டாங்கிள் வாங்கும்போது டாக், அதாவது டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கு ஏற்றபடி மாற்றும் சில்லு, உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ஒயர் மாற்றி சில போன்களில் மட்டுமே வேலை செய்யும்.

சோல்டரிங்_ஆற்காடு:
ஐஇஎம் சார், ஒலி விஷயத்துல உங்களோட முழுக்க ஒத்துப்போறேன். கடும் ஒர்க் அவுட்டுக்குன்னு வரும்போது மறுக்கறேன். நீங்க சொல்ற பெரும்பாலான ஐஇஎம்முக்கு ஐபி எண்ணே கெடையாது. ஒயர் கழட்டி மாட்டற ரெண்டு பின் துளை காதுக்கு மேலதான் இருக்கு, நெத்தி வேர்வை வழியறது நேரா அங்க. கொஞ்ச நாள்ல பின் பச்சை பூத்து ஒரு பக்கம் கரகரன்னு வரும். அப்புறம் குழாய் முனையில இருக்கற மெல்லிய வலை. அதுல ஈரம் ஒரு படலமா நின்னா அந்தப் பக்கம் சத்தம் பாதியாகும். டைப்-சி டாங்கிள்னா போன் துளையில ஈரம்னு எச்சரிக்கையும் வரும்.

ஒயர்தான் வேணும்னா விளையாட்டுக்குன்னு செஞ்சதை எடுங்க. ஜேபிஎல் எண்டியூரன்ஸ் ரன் வகை ஐபிஎக்ஸ் 5 போட்டு வருது, விலையும் 1000 ரூபாய் பக்கம்தான். ஒலி சூ அளவுக்கு இருக்காது, வேர்வைக்கு நிக்கும்.

ராணிப்பேட்டை_ஐஇஎம்:
நியாயம். ஐஇஎம் போடுவோர் ஒயரைக் கழற்றி இரு முனைகளையும் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் இரவு வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வராது என்பவர்கள் ஐபிஎக்ஸ் 5 உள்ளதையே வாங்கட்டும். எடைப் பயிற்சி மட்டும் செய்து, மிதமாக வேர்ப்பவர்களுக்கு நான் இன்னும் ஐஇஎம்மைத்தான் சொல்வேன்.

குடியாத்தம்_மல்லி:
கண்ணாடி போடறவங்களுக்குக் கொக்கி மாடல் சரி வருமாங்க? துப்பட்டாவைத் தலையில கட்டி ஓடறவங்களுக்கும் சேர்த்துக் கேக்கறேன்.

பாலாத்தங்கரை_ஓட்டம்:
மல்லி அக்கா, கண்ணாடி காலும் கொக்கியும் ஒரே எடத்துல, காதுக்கு மேல உக்காரும். ரெண்டும் சேர்ந்தா அரை மணி நேரத்துல காதுமேல் வலிக்கும். கொக்கி போட்டுத்தான் ஆகணும்னா முதல்ல கொக்கி, அதும்மேல கண்ணாடி; தலைகீழா போட்டா கண்ணாடி எடுக்கும்போது பட்ஸும் கூடவே வரும். உங்களுக்கு கொக்கியை விட காதுமடலுக்குள்ளயே நிக்கற ரப்பர் இறக்கை நல்லது. துணி கட்டறவங்களுக்கும் அதேதான், துணி பட்ஸை அழுத்திப் பிடிக்கறதால வுழாது, ஆனா தொடு பகுதியைத் துணி அமுக்கி பாட்டை மாத்தும். தொடறதை முழுசா அணைச்சிடுங்க. தண்டு கீழ நீண்டு வர்ற மாடலும் வேணாம், துணி கழட்டும்போது அதுல மாட்டி இழுத்துக்கினு வந்துடும்.

எதுவுமே நிக்காத காதுக்கு ஒரு வழி: மருந்துக் கடையில மைக்ரோபோர் டேப் அரை இஞ்ச் அகலத்துல கெடைக்கும். 3 செ.மீ. துண்டு, பட்ஸுக்கு வெளிய இருந்து கன்னத்தோரம் காது முன் பக்கத்துக்கு ஒட்டு. மைக் ஓட்டையையும் காத்து ஓட்டையையும் மறைக்காம ஒட்டணும். தோல் காஞ்சு இருக்கும்போது, ஓடறதுக்கு முன்னாடியே ஒட்டிடு, வேர்த்தப்புறம் ஒட்டாது.

செவித்திறன்_அக்கா:
பொருத்தமும் பின்னும் பேசினீர்கள். காதையும் கொஞ்சம் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்கு ஏறினால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகக் குறைகிறது. தினமும் ஒரு மணி நேரம் ஜிம்மில் அந்தச் சத்தத்தில் வைப்பவர் ஐந்தாம் நாளிலேயே வார அளவைத் தாண்டிவிடுவார். ஜிம் ஸ்பீக்கரும் ஓடும்போது அதை மிஞ்ச வேண்டும் என்று ஒலியைக் கூட்டுவதுதான் பெரிய ஆபத்து. கை எட்டும் தூரத்தில் நிற்பவர் குரலை உயர்த்தினால்தான் கேட்கிறது என்றால் சுற்றுச் சத்தமே 85 டெசிபல் பக்கம் இருக்கிறது. அங்கே ஒலியைக் கூட்டாதீர்கள், சீலைச் சரி செய்யுங்கள். அமைதியான அறையில் ஒலி அளவை வைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போங்கள். அங்கே இரண்டு படிக்கு மேல் கூட்ட வேண்டியிருந்தால் டிப்பு அளவு தவறு. உடற்பயிற்சி முடிந்ததும் காதில் ரீங்காரம் கேட்டால் அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள்.

அடுத்தது ஈரம். அடைத்த காதுக்குள் வேர்வை தேங்கினால் துளைத் தோல் ஊறிப்போய் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேரும். நம் ஊர் வெப்பத்துக்கு இது சகஜம். முதலில் அரிப்பு, பிறகு காதுக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பை அமுக்கினால் வலி, சில சமயம் நீர் வடிதல். அப்போது இயர்போனை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சிய எண்ணெய் ஊற்ற வேண்டாம், பஞ்சுக் குச்சியால் குடையவும் வேண்டாம், இரண்டும் நிலைமையை மோசமாக்கும். வராமல் தடுக்க, செட்டுகளுக்கு நடுவில் நீண்ட ஓய்வு வரும்போது கழற்றிக் காதை ஆற விடுங்கள், வெளிக் காதைத் துணியால் ஒற்றுங்கள். டிப்பை வாரம் இரு முறை சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். இயர்போனை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

சாலையில் ஓடுபவர்கள் ஒரு காதில் மட்டும் போடுங்கள், சாலைப் பக்கக் காது திறந்திருக்கட்டும். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் வண்டி பின்னாலிருந்துதான் வரும். காட்பாடியில் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்துக்கு முன்பே இரண்டையும் கழற்றிவிடுங்கள். வெளிச் சத்தம் கேட்கும் மோடை நம்பாதீர்கள், காற்று அடித்தால் அதில் வண்டிச் சத்தம் மறைந்துபோகும்.

பாலாத்தங்கரை_ஓட்டம்:
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கறேன். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் பழகற பசங்க நம்ம பக்கம் நிறைய. 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். தேர்வு மைதானத்துல இயர்போனுக்கு எடமே இல்ல. பாட்டு தாளத்துக்குக் கால் பழகிட்டா அன்னிக்கு வேகம் தடுமாறும். நேரம் பாத்து ஓடற ஓட்டமெல்லாம் காது வெறுமனே இருக்கட்டும், மெதுவான நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் பாட்டு.

காட்பாடி_இளவட்டம்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு காதுல மட்டும் போடறதா இருந்தா பட்ஸ்தான் வசதின்னு புரியுது. இப்போ மாடல் சொல்லுங்க. எங்க வாங்கறதுன்னும் சொல்லுங்க.

சத்துவாச்சாரி_லிஃப்டர்:
உங்க பட்ஜெட்டுல பெட்டி எண்ணைப் பாத்துப் பிரிக்கறேன். விலை வாரா வாரம் மாறுது, வாங்கற அன்னிக்கு பாத்துக்கோங்க.

போட் ஏர்டோப்ஸ் 141 ஐபிஎக்ஸ் 4, கேஸோட சேர்த்து 42 மணி நேரம்னு சொல்றாங்க. விலை குறைவு. ஆனா இறக்கை, கொக்கி கெடையாது, உங்க அளவு வேர்வைக்கு 4 எண் கீழ் எல்லைதான். சிஎம்எஃப் பட்ஸ் ஐபி 54, பேஸ் கனமா இருக்கும், செயலியில தொடறதை மாத்திக்கலாம். இதுக்கும் கொக்கி இல்ல, டிப்பு சரியா உக்காந்தா போதும்ங்கற காதுக்கு இதை எடுப்பேன். கொக்கி வேணும்னா சவுண்ட்கோர் ஸ்போர்ட் எக்ஸ்10, ஐபிஎக்ஸ் 7, கொக்கி திருப்பி மடக்கற மாதிரி. காதுக்குள்ள திருகி நிக்கற ஜேபிஎல் எண்டியூரன்ஸ் ரேஸ், ஐபி 67. இந்த ரெண்டும் 2500க்கு மேல போகும், பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருக்கணும். பர்ப்பியும் ஓட்டமும் உங்களுக்கு முக்கியம்ங்கறதால நானா இருந்தா காசு சேத்து கொக்கிக்கே போவேன்.

ஓட்டம் மட்டும், பார் கிட்டயே போறதில்லங்கறவங்களுக்கு நெக்பேண்ட் இன்னும் லாபம். ஒன்பிளஸ் புல்லட்ஸ் வயர்லெஸ் இசட்2 ஐபி 55, 30 மணி நேரம் ஓடும், 10 நிமிஷ சார்ஜ்ல 20 மணி நேரம். காதுல இருந்து வுழுந்தாலும் கழுத்துல நிக்கும்.

டிரைவர், அதாவது உள்ள சத்தம் எழுப்பற குட்டி ஸ்பீக்கர், 10 மி.மீ., 13 மி.மீ.ன்னு பெருசா போட்டிருந்தா அதைப் பாத்து வாங்காதீங்க. சீல் இல்லாத 13 மி.மீ.ல வர்ற பேஸை விட சீல் உள்ள 8 மி.மீ.ல அதிகம் வரும். பெரிய டிரைவர்னா உடம்பும் பெருசாகி சின்னக் காதுல நிக்காது.

சோல்டரிங்_ஆற்காடு:
வாங்கற எடம்: ஆன்லைன்ல விற்பவர் பேரு, பிராண்டோட சொந்தக் கணக்கா இல்ல மூணாவது ஆளான்னு பாருங்க. இயர்போனுக்குப் பல தளங்கள்ல பணம் திரும்ப வராது, பழுதுன்னா மாத்தித் தருவாங்க, அதுவும் சில நாளுக்குள்ள. காது பொருந்தலைங்கறது பழுதுல வராது. அதனால பொருத்தம் சந்தேகம்னா கடையில போட்டுப் பாத்து வாங்கறதுக்கு நூறு, இருநூறு அதிகம் குடுக்கலாம். ஒயரில்லா இயர்போனுக்கு பிஐஎஸ், அதாவது இந்திய தர நிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம். பெட்டியிலயோ கேஸுலயோ ஆர் எழுத்தோட ஆரம்பிக்கற பதிவு எண் இருக்கும், பிஐஎஸ் கேர் செயலியில போட்டா எந்த நிறுவனம்னு காட்டும். பெயர் ஒத்துப்போகலைன்னா அது காப்பி. பில்லுல சீரியல் எண் எழுதி வாங்குங்க. வாரன்டி தாளையும் படிங்க, ஐபி எண் பெருசா போட்டுட்டு உள்ள திரவத்தால வந்த பழுது சேராதுன்னு எழுதியிருப்பாங்க. பின் களிம்பைக் காட்டி மறுக்கறது இதை வெச்சுத்தான்.

காட்பாடி_இளவட்டம்:
ஒரு பக்கம் சத்தம் கம்மியாச்சுன்னா சர்வீஸுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல எதைப் பாக்கணும்?

சோல்டரிங்_ஆற்காடு:
முதல்ல டிப்பை இடம் வலம் மாத்தி மாட்டுங்க. சத்தம் குறையறது டிப்போட போச்சுன்னா டிப்புல அடைப்பு, கழுவினா போதும். போகலைன்னா போன்ல அணுகல்தன்மை அமைப்புல இடம் வலம் சமநிலை நடுவுல இருக்கா பாருங்க, தெரியாம நகர்ந்திருக்கும். அடுத்தது வலை. பட்ஸை வலை கீழ பாக்கறபடி பிடிச்சு, உலர்ந்த மெல்லிய பல் துலக்கியால கீழ இருந்து தட்டற மாதிரி துலக்குங்க. மேல பாத்தா அழுக்கு உள்ள எறங்கும். ஊசி, குண்டூசி வேண்டவே வேணாம், வலை கிழிஞ்சா அழுக்கு நேரா டிரைவருக்குப் போகும். வாயால ஊதவும் வேணாம், ஈரம் போகும்.

அப்புறமும் குறைஞ்சா ஈரப் படலமா இருக்கலாம். சிலிகா ஜெல் பொட்டலத்தோட காத்துப் புகாத டப்பாவுல ஒரு ராத்திரி வையுங்க. அரிசியில போடாதீங்க, மாவுத்தூசி வலையில ஏறும். ஹேர் டிரையர் சூடு பசையை விட்டுடும். காலையில சரியானா ஈரம்தான் காரணம், உலர்த்தற பழக்கத்தைக் கூட்டுங்க. பேஸ் மட்டும் போயி மத்ததெல்லாம் சரியா இருந்தா, உடம்புல இருக்கற குட்டி காத்து ஓட்டை அடைச்சிருக்கும், அதையும் உலர்ந்த பிரஷ்ஷாலதான்.

கடைசியா ஒரு விஷயம். ஜிம்முக்குள்ள போகும்போது கேஸை வண்டி சீட்டுக்கு அடியில வெச்சுட்டுப் போகாதீங்க. சித்திரை, வைகாசி வெயில்ல வேலூர்ல நிறுத்தின வண்டிப் பெட்டிக்குள்ள கை வைக்க முடியாது. லித்தியம் செல் சார்ஜ் ஏறும்போது 45 டிகிரிக்கு மேல போகக் கூடாது, கேஸுக்குள்ள பட்ஸ் இருந்தா அங்கயும் சார்ஜ் ஏறிட்டுத்தான் இருக்கும். பையிலயே எடுத்துட்டுப் போயி லாக்கர்ல வையுங்க. வெயில்ல சூடான கேஸை வீட்டுக்கு வந்ததும் சார்ஜர்ல மாட்டாம, தொட்டா சாதாரணமா இருக்கற வரைக்கும் நிழல்ல ஆற விடுங்க.